ஜடை போட்ட கார்டிகன்

— ...இன்னொரு கையையும் விடுங்க. மெதுவா. ஊசியெல்லாம் எடுத்துட்டேன், குத்தாது.

— விட்டாச்சு. என்னடி இது, தோள்பட்டைத் தையல் முழங்கைக்கு வந்து நிக்குது!

— நேரா நில்லுங்க, சரியாப் போயிரும். இருங்க, பட்டனைப் போடுறேன்.

— அடி சாந்தா... இதுக்குள்ள இன்னொரு குடும்பத்துக்கு சப்லெட் விடலாம் போலருக்கே.

— நல்லா கத்துங்க. லக்ஷ்மிபாய் நகர் பூராவும் கேக்கட்டும்.

— நெஞ்சுல ரெண்டு பக்கமும் ஜடை வேற பின்னி விட்டுருக்க. அப்படியே பூவும் வச்சிரு.

— இதுக்குப் பேரே ஜடை டிசைன்தான். எதிர்வீட்டு மிஸஸ் கப்பூர் சொல்லிக் குடுத்தது. மூணு கண்ணியை ஒரு குட்டி ஊசியில எடுத்து நிறுத்திட்டு, அடுத்த மூணை மொதல்ல போடணும். ஒண்ணு மாறினாலும் முறுக்கு கோணிரும். சும்மா இல்ல.

— அழகாத்தான் இருக்கு. யாரு இல்லேன்னா? ஆனா ஆபீஸ்ல பட்டாபி கேப்பாரு... 'ஸ்வெட்டர் வந்துருச்சு, அழகர்சாமி எங்கப்பா?'ன்னு.

— போதும் கேலி. தலை வழியா மாட்ட முடியல, பட்டன் வச்ச கார்டிகனாப் போடுன்னு கேட்டது யாரு? நீங்கதான?

— கேட்டேன். இவ்வளவு தொளதொளன்னா கேட்டேன்?

— அது என் தப்புங்க. ஜடை போட்டா பின்னல் உள்வாங்கும், கண்ணி கொஞ்சம் கூடப் போடுன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் பெரிய புத்திசாலி... இன்னும் கூடப் போட்டுட்டேன்.

— எவ்வளவு?

— ஒரு... இருபது.

— அச்சா.

— கழட்டுங்க. பிரிச்சு மறுபடி போட்டுர்றேன். பதினஞ்சே நாள். நீங்க மெடிக்கல் லீவு முடிஞ்சு ஃபர்ஸ்ட் தேதி ஜாயின் பண்றதுக்குள்ள ரெடியாயிரும்.

— ஃபர்ஸ்ட் தேதி...

— ஏன் இழுக்குறீங்க? டாக்டரே சொன்னாருல்ல, 'டீக் ஹோ ஜாயேங்கே'ன்னு, சரியாயிரும்னு?

— எங்கிட்ட அப்படிச் சொன்னாரு. ஒன்னைத் தனியாக் கூப்புட்டு என்ன சொன்னாரு?

— பத்தியம் சொன்னாரு. காரம் ஆகாதாம்.

— காரம் ஆகாதுங்கறதுக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்த?

— அது... ஃபினாயில் நெடி. எனக்குத்தான் ஒத்துக்காதே.

— போன வியாழக்கிழமை எடை பாத்தாங்களே, அந்தச் சீட்டு எங்க?

— எங்கயோ வச்சேன்... ஏறித்தான் இருந்துச்சு. ரெண்டு கிலோ.

— ரெண்டு கிலோ ஏறினவனுக்கா ஸ்வெட்டர் இப்படித் தொங்குது?

— நாந்தான் சொல்றேன்ல, கண்ணி கூடப் போட்டுட்டேன்னு! கழட்டுங்க... ஜல்தி!

— பிரிக்காதடி.

— ஏனாம்?

— எத்தனை தடவைதான் பிரிப்ப? ஏற்கெனவே இது மூணாவது.

— ...யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. மொதல்ல பழைய அளவுக்குப் போட்டுப் பிரிச்ச. நவராத்திரி சமயத்துல ஒரு மத்தியானம், நான் கட்டில்ல படுத்துருந்தேன். நூலை வச்சு என் நெஞ்சைச் சுத்தி அளந்த. தீபாவளி கழிச்சு மறுபடி அளந்த. ரெண்டு நூலையும் ஒண்ணாப் புடிச்சுப் பாத்துட்டு அடுப்படிக்கு ஓடின. குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுத.

— ஐயோ... சும்மா இருங்க.

— ஒவ்வொரு தடவையும் கண்ணியைக் கொறச்சுத்தான் போட்டுருக்க. நீ பின்னி முடிக்கிறதுக்குள்ள நான் அதுக்கும் மேல எளைச்சுப் போயிர்றேன். ஒன் மேல என்ன தப்பு?

— அப்படியெல்லாம் பேசாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு சாந்தா. இன்னொரு தடவை பிரிச்சா, முடியறப்ப போட்டுக்க நான் இருப்பேனான்னு தெரியல. தொளதொளன்னே கெடக்கட்டும். இந்தக் குளிருக்கு இதைப் போட்டுக்குறேன். அழாத. நீ அளந்த ரெண்டு தடவையும் நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்குத் தெரிய வேணாம்னுதான் கண்ணைத் தொறக்கல.

— தெரியும்ங்க... தூங்குற மனுசன், நூல் நுழையறதுக்கு முதுகைத் தூக்கிக் குடுப்பானா?