ப்ரொஃபைலர் பார்க்கும்போது மட்டும்

கதிரவன்: இல்லக்கா... திரும்பவும் எல்லாத்துக்கும் சைபர்தான் காட்டுது.

யோகேஸ்வரி: சைபரா? ப்ரொஃபைலர் ரிப்பேர் முடிஞ்சதுன்னு காலைல சொன்ன?

கதிரவன்: முடிஞ்சதுக்கா. புரோகிராமுல எந்த வேலைக்கு எம்புட்டு நேரம் போகுதுன்னு காட்டணும், அதான ப்ரொஃபைலரு? காட்டுது. நேரம்தான் போகமாட்டேங்குது.

யோகேஸ்வரி: நேரம் போகலையா? வெளிய போய்ப் பாரு. ஒரு லோடு பட்டாசுக்குப் பில்லு வாறதுக்குள்ள லாரி டிரைவரு குளிச்சு, துணி தொவச்சு, காயவும் போட்டுட்டான்.

கதிரவன்: அது உங்க லாங்வேஜ் மெதுவா ஓடுறதால...

யோகேஸ்வரி: மத்தாப்பையா சொல்ற? ரெண்டு வருசமா ஒத்தையில உக்காந்து நான் செஞ்ச லாங்வேஜுப்பா அது! நீ அதுல எழுதுன பில்லு புரோகிராம்தான் ஆமை.

கதிரவன்: அதத் தெரிஞ்சுக்கத்தான உங்கப்பா இந்த ப்ரொஃபைலரக் கேக்காக. லாங்வேஜ்தான் மெதுன்னா, மத்தாப்ப மூடிட்டு நீங்க கிஃப்ட் பாக்ஸ் கட்டுற எடத்துல மேற்பார்வைக்குப் போகணும். பில்லுதான் மெதுன்னா...

யோகேஸ்வரி: நீ உங்கூரு தாயில்பட்டிக்குப் பஸ் ஏறணும்.

கதிரவன்: சிரிக்காதீகக்கா. எம்மவன் வெடிமருந்து தொடாத வேலை பாக்கான்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. திரும்பிப் போனா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

யோகேஸ்வரி: சரி, சரி. மொதல்ல ப்ரொஃபைலரச் சோதிப்போம். வேணும்னே மெதுவா ஓடுற ஒரு வேலைய எழுது. அது கையும் களவுமாப் புடிக்குதான்னு பாப்போம்.

கதிரவன்: 'டீக்கடை'ன்னு பேரு வைக்கேன். அஞ்சு செகண்டு சும்மா நிக்கும்.

யோகேஸ்வரி: நீ என்னைக்கு டீக்கடையில அஞ்சு செகண்டுல கிளம்பிருக்க? ம்... ஓட்டு.

கதிரவன்: ...முடிஞ்சிருச்சு.

யோகேஸ்வரி: என்னது?

கதிரவன்: பட்டனத் தட்டுனதும் முடிஞ்சிருச்சுக்கா. டீக்கடைக்கும் சைபர். இருங்க, ப்ரொஃபைலர நிப்பாட்டிட்டு ஓட்டுறேன்... ஒன்னு... ரெண்டு... மூணு... இப்ப நிக்குதுக்கா!

யோகேஸ்வரி: அப்படியா...

கதிரவன்: ப்ரொஃபைலர் பாக்கும்போது மட்டும் பறக்குது. 'அது பாத்தா எங்கயும் நிக்காத'ன்னு மத்தாப்புக்குள்ள யாரோ எழுதிருக்காக.

யோகேஸ்வரி: யாரோ...

கதிரவன்: மத்தாப்புக்குள்ள கை வைக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான.

யோகேஸ்வரி: மெதுவாப் பேசு, அப்பா அடுத்த ரூம்ல இருக்காக. நான்தான்ப்பா எழுதுனேன். விலைக்கு வாங்குற பார்ட்டி யாரும் அளந்து பாக்க வந்தா வேகமாத் தெரியட்டுமேன்னு...

கதிரவன்: அக்கா!

யோகேஸ்வரி: என்ன அக்கா? வடக்க இருந்து ஏஜென்ட் வந்தா இங்கன சாம்பிள் வெடிக்குத் தனிக் கை, தனி மருந்து. லோடுல ஏறுறது வேற. இந்த வீட்டுல பொறந்துட்டு எனக்கு மட்டும் எங்கிருந்து வேற புத்தி வரும்?

கதிரவன்: அதுக்காக? அளக்கும்போது ஒன்னு, ஓட்டும்போது ஒன்னா? மனசாட்சின்னு ஒன்னு வேண்டாமா? ஒரு ஏழை வீட்டுப் பையனோட பொழப்பு இதுல கெடக்கு...

யோகேஸ்வரி: போதும்ப்பா, மைக் இல்லாமலே முழங்குற. எடுத்துர்றேன். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத... எடுத்தாச்சு. ஓட்டு.

கதிரவன்: அஞ்சு செகண்டு! டீக்கடைன்னு பளிச்சுன்னு காட்டுது! ப்ரொஃபைலர் சரியாயிருச்சுக்கா!

யோகேஸ்வரி: அப்ப நெசமான பில்ல ஓட்டு. வாசல்ல லாரி நிக்குதுல்ல, அந்த லோடு.

கதிரவன்: இப்பவா...? நாளைக்குப் பாப்பமே.

யோகேஸ்வரி: ஏன்?

கதிரவன்: இல்ல... முதலாளி ரூம்ல பிரிண்டரு சூடாயிருக்கும்...

யோகேஸ்வரி: தள்ளு, நானே ஓட்டுறேன். ...ஏலே! கண்ண மூடித் தொறக்குமுன்ன வந்திருச்சே! உன் பில்லும் வேகம், என் மத்தாப்பும் வேகம். அப்ப இத்தன நாளா எதுப்பா மெது? என்னப்பா, இப்படி வேர்க்குது உனக்கு?

கதிரவன்: ஃபேன் ஓடலையோ...

யோகேஸ்வரி: தலைக்கு மேல சுத்துது பாரு.

அய்யாதுரை: எம்மா யோகேஸ்வரி! ஏலே கதிரவா! என்னத்தலே செஞ்சீக? சீசன் ஆரம்பிச்சதுல இருந்து இம்புட்டு வெரசா ஒரு பில்லு நான் பாக்கல! பிரிண்டர் வாயில இருந்து உருவி டிரைவர் கையில குடுத்து லாரிய அனுப்பிட்டேன்.

யோகேஸ்வரி: அதுக்குள்ளயாப்பா அனுப்பிட்டீக?

அய்யாதுரை: பெறகு? இந்நேரம் மெயின் ரோட்டுல ஏறிருப்பான். உன் மத்தாப்பும் இருக்கட்டும், இந்தப் பயலும் இருக்கட்டும். லே, நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா. நல்ல புள்ளையப் பெத்திருக்கான்னு நானே என் வாயால சொல்லுதேன்.

கதிரவன்: முதலாளி...

அய்யாதுரை: என்னலே, சந்தோசத்துல கண்ணு கலங்குதா?

கதிரவன்: அந்த லாரிய நிப்பாட்டச் சொல்லுங்க முதலாளி... வேலை போயிரும்னு பயந்து எழுதிட்டேன். ப்ரொஃபைலர் பாத்தா என் புரோகிராம் கணக்கே போடாது, நேத்துப் போன லோடுக்குப் போட்ட பில்லையே திருப்பி அடிச்சுத் தள்ளிரும்.