சிப்பி வைத்த தட்டு

"சிப்பியச் சுட்டா சுண்ணாம்புல்ல வரும்? அதையா சம்பந்தக்காரவியளுக்குத் திங்கக் குடுத்த?"

இராஜபாளையம் போகும் ரயிலில், எதிரே இருந்த இரண்டு பெண்களில் மூத்தவள் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. மற்றவள் துரை பங்களாவில் சமைப்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஓட்டத் திங்கல மதினி, உள்ள இருக்க கறியத்தான். தொரசானி விருந்துக்கு முன்னால இதத்தான் வைப்பாவ. தூத்துக்குடியில இருந்து வந்ததுல மிச்சத்த எனக்குக் குடுத்தாவ. லேசான வேலை. ஓட்டோட வச்சு, வெண்ணெயும் ரொட்டித்தூளும் போட்டு, மேலயும் கீழயும் தணல் வச்சா செத்த நேரத்துல வெந்துரும். மக நிச்சயத்துக்குப் பெருமையா இருக்கும்னு செஞ்சேன்."

"பொறவு?"

"மாப்பிள்ளையோட தாத்தா சுண்ணாம்புக் காளவாசல்ல சிப்பி சுட்டவராம். எனக்கு எங்க தெரியும்? 'எங்க பழைய பொழப்பத் தட்டுல வச்சுக் காட்டுதியளோ'ன்னு அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிட்டாவ. நிச்சயமும் போச்சு."

"அடப் பாவமே. அந்தச் சிப்பிய என்ன செஞ்ச?"

"எம் மக ஒத்தையில உக்காந்து அம்புட்டையும் தின்னா. தின்னு முடிச்சிட்டு, 'உப்புப் பத்தலம்மா'ன்னா."