பக்க எண்ணுக்குக் காத்திருந்த டாக்டர்

"ஒரு பக்க எண்ணுக்காக டாக்டர் கப்பலுக்குக் காத்திருந்தார், பாய்!"

எங்கள் தீவில் ஷாதிபூர் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த ஆஸ்பத்திரி டைப்பிஸ்ட், பக்கத்திலிருந்த கடைக்காரரிடம் சொன்னார்.

"எதுக்குய்யா?"

"குழந்தைங்க காய்ச்சல் மருந்தைப் பத்தி ஊருக்குக் கொடுக்க நோட்டீஸ் எழுதினார். அளவு எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கத்துல இருக்குன்னு கீழே போடணுமாம். புத்தகம் இங்க இல்லை. மெயின்லேண்டுக்கு எழுதிக் கேட்டார். 'ஞாபகம் இருக்கே சார், அச்சுக்குக் கொடுத்துடலாம்'னேன். 'கண்ணால பார்க்காம, புத்தகம் சொல்லுதுன்னு எழுத மாட்டேன்'னுட்டார்."

"அரே, நல்ல பைத்தியம்!"

"நானும் அப்படித்தான் திட்டினேன். நேத்து கப்பல்ல பதில் வந்துச்சு. அவர் ஞாபகத்துல இருந்தது பெரியவங்களுக்கான அளவு, பாய். போன வாரம் என் பொண்ணுக்குக் காய்ச்சல். நோட்டீஸ் அச்சாகியிருந்தா அதைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பேன்."

"யா அல்லா" என்றார் கடைக்காரர். முருகா என்று நானும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

"இப்போ கோயிலுக்குத்தான் போறேன். டாக்டர் பேருக்கு ஒரு அர்ச்சனை. அவர் நட்சத்திரம்தான் தெரியலை. ஏதாவது ஒண்ணைச் சொல்லிட வேண்டியதுதான்."

"ஏதாவது ஒண்ணா? அந்த மனுசனுக்கா? முதல்ல இறங்கிப் போய் அவர்கிட்டயே கேட்டுட்டு வாய்யா!"