பஸ்ஸுக்கு நூத்தம்பது

இல்ல மேடம், டோக்கன் எல்லாம் எடுத்துட்டுதான் வந்திருக்கேன். நாப்பத்தேழு. பக்கத்து கவுன்ட்டர் தம்பிதான் இங்க கை காட்டி விட்டாரு. கேட்டதுக்கு அவருக்குப் பதில் தெரியல. பதில் தெரியலன்னா பக்கத்து ஆள்கிட்ட தள்ளி விடறது எங்க டிப்போலயும் உண்டு, அதனால நான் தப்பா எடுத்துக்கல.

மறுபடி முதல்லேருந்தே சொல்றேன். இது என் கணக்கு. இதுல ரெண்டு கார்டு. ஒண்ணு என் சட்டைப் பையில இருக்கு. இன்னொண்ணு என் பொண்ணுகிட்ட, வெளிநாட்டுல. அங்க ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற வேலை அவளுக்கு. கெளம்பும்போது அவசரத்துக்கு வெச்சுக்கோன்னு நான்தான் குடுத்தேன். அவ அவசரத்துக்கெல்லாம் அதை எடுக்கல. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் பஸ்ஸுக்குத் தட்டிக்கிறேன்ப்பான்னு சொன்னா, அப்படியே பழகிருச்சு. அந்த ஊரு பஸ்ல கண்டக்டர் கெடையாதாமே. கதவுகிட்ட ஒரு மெஷின் வெச்சிருக்கான், அதுல கார்டைத் தட்டிட்டு ஏறணும். அங்க தட்டினா இங்க என் போன்ல மெசேஜ் வந்துடும்.

அந்த மெசேஜ்லதான் பிரச்சினை. டிக்கெட் நம்ம காசுக்கு நூறு வரும்னு அவ சொன்னா. மெசேஜ்ல நூத்தம்பதுன்னு வருது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷமா. ஒரு நாள் நூத்தி நாப்பத்தொம்பது, ஒரு நாள் நூத்தம்பத்தொண்ணு, அதைத் தாண்டறதில்ல. அப்ப யாரோ பொய் சொல்றாங்க. ஒண்ணு பஸ்காரன், இல்ல அந்த மெஷின், இல்ல நீங்க. கோச்சுக்காதீங்க, நீங்கன்னா உங்களச் சொல்லல, இந்த பேங்க்க சொல்றேன்.

நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன். செக்கிங் எத்தனை தடவ ஏறியிருக்காங்க தெரியுமா, பையில ஒரு காசு கூடவும் இருந்ததில்ல, கொறையவும் இருந்ததில்ல. சில்லறை பாக்கின்னு டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்துட்டு, எறங்கும்போது ஆள் மறந்துட்டாலும் கூப்பிட்டுக் குடுப்பேன். அதே மாதிரி ஒருத்தன் என்னை ஏமாத்தவும் விட்டதில்ல. கிழிஞ்ச நோட்ட நடுவுல மடிச்சுக் குடுப்பான், முந்தின ஸ்டாப்புல ஏறிட்டு இந்த ஸ்டாப்புன்னு சொல்லுவான். மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன். இந்த மெஷினுக்கு மூஞ்சி இல்லியே, அதான் கஷ்டமா இருக்கு.

என்ன, கேள்வி கேக்குதா? எந்த மெஷின் கேக்குது? சரி, ரயில் டிக்கெட் எடுக்குற மெஷின், டாக்ஸில நீட்டுற மெஷின், இதெல்லாம் கேக்குமா. நம்ம ஊரு காசுல கட்டுறீங்களா, இந்த ஊரு காசுல கட்டுறீங்களான்னு. ம். நாம நம்ம காசுன்னுதானே அமுக்குவோம், அதுதானே புரியும். அதை அமுக்கக் கூடாதா? ஏன்? ஓ, அவன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு, அதுக்குள்ளயே அவன் லாபத்தை வெச்சுடுவானா. அந்த ஊரு காசுன்னே அமுக்கினாத்தான் நமக்கு மிச்சமா. பாத்தீங்களா, நம்மளுதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்னு நான் எப்பவும் சொல்றதுதான். ஆனா பஸ் மெஷின் அதைக் கேக்காதுன்னு சொல்றீங்க. அப்ப இந்த நூத்தம்பது அதனால வரல. அப்ப வேற எதனால?

இருங்க, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அந்தக் கார்டு இப்ப வேலை செய்யாது. வெளிநாட்டு உபயோகம்னு போன்ல ஒரு பட்டன் இருக்குல்ல, அதை நான்தான் அணைச்சேன். பதினோரு நாள் ஆகுது. இப்ப திரும்பப் போடணும். அணைக்கிறதுக்கு விரலால தொட்டா போதுமாம், திரும்பப் போடறதுக்கு அடையாள அட்டையோட நேர்ல வரணுமாம். வழக்கமா எல்லா எடத்துலயும் இதுக்கு எதிர்மாறாத்தான் இருக்கும். அதுலயே எனக்கு ஒரு சந்தேகம்.

புதுக் கார்டா? வெளிநாட்டுல தட்டினாலும் பீஸ் எடுக்காத கார்டா? அப்படி ஒண்ணு இருக்குன்னா ஏன் மேடம் ரெண்டு வருஷமா யாரும் சொல்லல? சரி விடுங்க. எனக்கு வேண்டாம். இலவசமா இருந்தாலும் வேண்டாம். இதே கார்டு, இதே நம்பர்.

மாசப் பாஸும் வேண்டாங்க. புரியுது, மாசத்துக்கு ஒரு தடவ கட்டினா ஒரு தடவதான் பீஸ். நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா பாஸ் எடுத்தா மாசத்துக்கு ஒரு மெசேஜ்தானே வரும்.

இல்ல, காசு மிச்சம் பண்ண வந்தவன் ஏன் எல்லாத்தையும் வேண்டாங்கறான்னு நீங்க பாக்குறது தெரியுது. புதுக் கார்டு அடிச்சா அதை அவளுக்கு அனுப்பணும். எங்க அனுப்புறது? அட்ரஸ் இருந்தாத்தானே. பழைய அட்ரஸ் இருக்கு, ஆனா அவ அங்க இல்ல. ஏழு மாசமா போன் இல்ல. நான் பண்ணா எடுக்கறதில்ல. அப்புறம் நம்பரே இல்லன்னு வந்துருச்சு. அவங்க அம்மா போய் ஆறு வருஷம் ஆகுது, இருந்திருந்தா அந்தப் பக்கமாவது பேச்சு ஓடியிருக்கும்.

பழைய அட்ரஸ்ல இல்லன்னு எப்படித் தெரியும்னா, மெசேஜ்தான். முன்னாடி காலைல ரெண்டு தட்டு வரும், இருவது நிமிஷ இடைவெளியில. அப்படின்னா பஸ் மாறிப் போறா. நாலு மாசத்துக்கு முன்னாடி அது ஒண்ணாயிடுச்சு. அப்ப ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் இருக்குற எடமாப் பாத்து வீடு மாத்திருக்கா, நல்லதுதான். செவ்வாய்க்கிழமை தட்டு வராது, அன்னிக்கு லீவு. நடுவுல ஒரு தடவ புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் வரல. எனக்குச் சோறு எறங்கல. சனிக்கிழமை காலைல வந்துச்சு. காய்ச்சலா இருந்திருக்கும். இதெல்லாம் யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கல மேடம், கண்டக்டருக்கு இதுகூடத் தெரியலன்னா எப்படி.

ஒண்ணு சொல்றேன், நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு அங்க நல்ல சம்பளம். அவ பேர்ல அங்கயே பேங்க்ல கணக்கு இருக்கு. என்கிட்டப் பேசமாட்டேன்னு நம்பரையே மாத்தினவ, பஸ்ஸுக்கு மட்டும் என் கார்டை ஏன் தட்டிக்கிட்டே இருக்கணும்? காலைலயும் சாயங்காலமும், ஏழு மாசமா. நான் அதைக்கூட அப்பன் காசுதானேன்னு தட்டுறான்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என் புத்தி அப்படி.

அதான் அணைச்சேன். கார்டு வேலை செய்யலன்னா டிரைவர் எறக்கி விட்டுடுவான், வேற வழியில்லாம அவ எனக்கு போன் பண்ணுவான்னு நெனச்சேன். திட்டறதுக்காவது பண்ணுவா. பண்ணல. அன்னிக்குக் காலைல ஒண்ணு மட்டும் வந்துச்சு, அனுமதி மறுக்கப்பட்டதுன்னு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. போனைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கடன் வேணுமான்னு உங்க ஆளுங்கதான் மெசேஜ் அனுப்புறாங்க.

திறந்து விடுங்க மேடம். பீஸ் போட்டுக்கோங்க. நூத்தம்பது இல்ல, எரநூறுன்னாலும் எடுத்துக்கோங்க. எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள்ளயா? சரி. அவ திரும்பத் தட்டிப் பாப்பாளான்னு உங்ககிட்டக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க. தட்டலாம். ஒரு நாள் மறந்தாப்புல தட்டலாம்.

நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்குறீங்க. அது வீட்டு விஷயம், விடுங்க. கார்டு திறக்குற வேலை முடியற வரைக்கும் அந்த நூத்தம்பதைக் காட்டுங்களேன். உங்க கம்ப்யூட்டர்ல பிரிச்சுக் காட்டும்னு அந்தத் தம்பி சொன்னாரு. திருப்புங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

இந்தக் கோட்டுல இருக்குறது பஸ்காரன் வாங்கினது. நூறு. கீழ இருக்குறது? காசு மாத்துற பீஸ். அது நூத்துக்கு ரெண்டோ மூணோதான் வரணும்னு எங்கயோ போட்டிருந்துச்சே. ஓ. எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் ஒரு தட்டுக்குக் கொறைஞ்சது அம்பதா. பெரிய தொகைக்கு அது தெரியாது, பஸ் டிக்கெட்டுக்குத்தான் கடிக்கும். ரெண்டையும் சேத்து மெசேஜ்ல ஒரே தொகையா அனுப்பிடுறீங்க. எல்லா நாளும் இப்படித்தானா? கொஞ்சம் மேல தள்ளுங்க. இன்னும் மேல. போன வருஷத்துக்குப் போங்க. நூறு, அம்பது. நூறு, அம்பது. ம்.

கொஞ்சம் தண்ணி கெடைக்குமா.

நீங்க உங்க வேலையப் பாருங்க.

காசைப் பாத்தா எனக்குக் காசாத் தெரியாது மேடம், டிக்கெட்டாத்தான் தெரியும். தொழில் அப்படி. கூட்டத்துல ஒரு கை நூறு ரூபா டிக்கெட்டுக்கு நூத்தம்பது நீட்டுச்சுன்னா, யாரு எவருன்னு நிமிந்துகூடப் பாக்கமாட்டேன். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட் கிழிச்சுக் குடுத்துடுவேன். பக்கத்துல ஒரு கொழந்தை நின்னுக்கிட்டிருக்கும். ஒரு நாளும் தப்பினதில்ல.

ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் எப்பவும் போல பேசுனா. பஸ்ஸுல போய்க்கிட்டே பேசுனா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மோட்டார் ரிப்பேர் பண்ணாங்களான்னு எல்லாம் கேட்டா. நான் ஒண்ணுதான் கேட்டேன். சத்தம்கூடப் போடல. தினம் உன்கூட ஒரு அரை டிக்கெட் ஏறுதே, அது யாரோட கொழந்தைன்னு கேட்டேன். அப்பா, அது பேங்க்குல புடிக்கிறதுன்னா. நீ அப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்னேன். அவ போனை வெச்சுட்டா.

அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க.

கையெழுத்து இந்த எடத்துல மட்டும்தானா, பின்னாலயும் போடணுமா?