முன்கூட்டியே அடித்த சாம்பியன் போஸ்டர்

"லீக் நின்னு போனதுக்கு நீதாம்லே காரணம்."

ஊரடங்கைத் தளர்த்தி பஸ் விட்ட வாரம் அது. திருத்தங்கலில் ஏறிய பெண் ஒருத்தி, முன் சீட்டிலிருந்த தன் சித்தி மகனைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தம்பி கேரளத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். இவன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன்.

"கொரோனாவ நானாக்கா கூட்டியாந்தேன்?"

"ஆட்டம் மிச்சமிருக்கையிலயே சாம்பியன்னு போஸ்டர் அடிச்சது யாரு?"

"அடுத்த வருசக் காலண்டர ஆடியிலயே அடிக்கிற ஊரு இது, அக்கா. நம்ம டீம்தான் முதலிடத்துல இருந்துச்சு. எதுக்குக் காத்துக்கிடக்கணும்?"

அவள் போன் அடித்தது. தம்பிதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, லீக்லருந்து மெயில் வந்துருக்கு. மிச்ச ஆட்டம் கிடையாதாம். இந்த சீசனே செல்லாதாம். கோப்பை யாருக்கும் இல்லையாம்."

பஸ்ஸே கொதித்துவிட்டது.

"அம்புட்டு ஆட்டம் ஜெயிச்சதும் செல்லாதா?" என்றார் கண்டக்டர்.

"ஆளில்லாத மைதானத்துல ஆடவிட வேண்டியதுதான?" என்றது பின் சீட்டு.

"ஒரு பந்து விடாமப் பிடிச்சானே எங்க அண்ணன்" என்று அச்சகத்துக்காரன் எழுந்தே நின்றுவிட்டான்.

போனில் தம்பி விசும்புவது கேட்டது. அவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள்.

"ஏலே, அழாத. பட்டாசுக் கம்பெனி தெறந்து எங்கள வேலைக்குக் கூப்பிட்டாச்சு. உன் ஆட்டத்துக்கு மட்டும் நோய் வந்துருமாக்கும்? லீக் நடத்துறவுக மொட்டையா ஒரு மெயில் அனுப்பிட்டு ஒளிஞ்சுக்கிடக் கூடாது. டிவியில வந்து ஊரறியச் சொல்லட்டும். முதலிடத்துல நின்ன எந்தம்பி ஜெயிச்சானா, இல்லையா?"