பதக்கத்தைப் பற்றிய பேச்சு

சவரத்துக்கு வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும், ஐயா. ஒஹாயோவில் இந்தச் சின்ன ஊரில் முப்பத்தொரு வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்திலும் கீறல் விழுந்ததில்லை.

வெண்டல் குரூப்பா வியாழன்தோறும் காலையில் வருவான். வியட்நாமில் இடது காலை இழந்தவன். என்னையும் அந்தப் போருக்குப் போய்வந்தவன் என்றுதான் ஊர் மதித்தது. முன்னாள் வீரர்கள் அணிவகுப்பில் எனக்கு முதல் வரிசை.

தேர்தல் வந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரே பேச்சு. வேட்பாளர் லாங்கர் ஆற்றுப்படகில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர். எதிர்த்து நின்றவரோ போருக்குப் போகாமல் தப்பிக்க உள்ளூர்ப் படையில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்கும் சரியாகப் போகாதவர். லாங்கரின் பதக்கம் பொய் என்று டிவியில் விளம்பரம் வந்தது. நானும் அதையே சொல்லிவந்தேன்.

அன்று மழை. கடையில் நாங்கள் இருவர்தான்.

"தன்னைத்தானே கீறிக்கிட்டுப் பதக்கம் வாங்கின ஆளுடா அவன்," என்றேன், நுரையைத் தடவிக்கொண்டே.

"அந்தப் படகுல நான் இருந்தேன்டா. என்னைத் தண்ணியிலேர்ந்து இழுத்துப் போட்டது அவன்தான். உன் டிவிக்காரனா வந்து இழுத்தான்?"

"போர்ல இருந்த எனக்குத் தெரியாதா?"

ஒரு கன்னத்தை மழித்து முடித்திருந்தேன். கண்ணை மூடியபடியே மெதுவாகச் சொன்னான்:

"ஆர்வில், போன வருஷம் முன்னாள் வீரர் சங்கத்துக்குப் பட்டியல் போட்டப்போ உன்னோட ராணுவப் பதிவு என் கைக்கு வந்துச்சு. ரெண்டு வருஷமும் நம்ம நாட்டுலயே, கென்சாஸ் முகாம்ல முடிதான் வெட்டியிருக்கே. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அதுல என்னடா வெட்கம்? எங்களுக்கு யாராவது முடி வெட்டித்தானே ஆகணும்?"

பிரியமாகத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை.

தாடையை உயர்த்திப் பிடித்தேன். இந்தக் காதுக்குக் கீழிருந்து அந்தக் காதுவரை கத்தியால் ஒரே இழுப்பு. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தான். ஒற்றைக் காலில் முடியவில்லை. தோளை அழுத்திக்கொண்டேன். கண்ணாடியில் என்னையே பார்த்தான். கொஞ்ச நேரம்தான். பிறகு மறு கன்னத்தையும் மழித்தேன். பாதிச் சவரத்தோடு நான் யாரையும் அனுப்பியதில்லை.

அவன் மனைவி இர்மா போன் செய்தாள். "இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிருச்சும்மா," என்றேன்.

இதை அரசியல் சண்டை என்று எழுதாதீர்கள். போருக்குப் போனவர்களின் மானத்தைக் காப்பாற்ற யாராவது துணிய வேண்டியிருந்தது. வெண்டலைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தொழில் என்ற இடத்தில் முடிதிருத்துபவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அதை அடித்துவிட்டுப் போர்வீரன் என்று போடுங்கள்.