பதினோரு மட்டைகள்

குளிர்காலம் வந்தால் எனக்கு மூக்கு ஒழுகும். அந்தத் தொல்லை மே மாதம் வரை நீளும். பேசும்போது நடுவில் கைக்குட்டையை எடுத்தால், அழுகிறேன் என்று குறித்துக்கொள்ள வேண்டாம், ஐயா.

பெயர் அப்துல்வாஹித். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் முப்பது வருஷம் அறிவியல் வாத்தியார், அதனால் எல்லாருக்கும் ‘உஸ்தாத்’. உப்பளத்துப் பறவைச் சங்கத்தின் நிறுவனத் தலைவர். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர்தான் என்பதால் பதவியின் கனம் குறைந்துவிடாது. இருபத்திரண்டு குளிர்காலமாகப் பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறேன். அந்த எண்ணை வேறு நாட்டில் யாராவது வாசித்தால், வளையம் போட்டவர் பெயருக்குக் கடிதம் வரும். நாலாயிரத்துச் சொச்சம் வளையம் போட்டிருக்கிறேன். ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

ஷெத்லி உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான். வலை தூக்க ஆள் வேண்டியிருந்ததால் நான்தான் சேர்த்துக்கொண்டேன், தொழிலையும் கற்றுக்கொடுத்தேன். பறவையின் பத்திரம் முதலில், நம்முடையது அப்புறம் என்பது முதல் பாடம். அவன் முதன்முதலில் வளையம் போட்ட சாம்பல் உப்புக்கொத்தியைப் பின்லாந்தில் வாசித்தார்கள். அடுத்த வருஷம் நார்வேயில். பதின்மூன்று வருஷமாக அது ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் சேற்றுவெளிக்கே திரும்பி வந்தது, சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல.

பொருளாளர் நஜாத் ஒருநாள் லப்லாபிக் கடலைச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி சொன்னாள்: “உஸ்தாத் போடுற வளையத்த எல்லாம் பறவைங்க கடலத் தாண்டினதும் கழட்டி வெச்சிடுதுங்க போல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஷெத்லி சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லாதக்கா. எனக்குக் கத்துக்கொடுத்ததே அவருதான்” என்றான். அவனும் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஜனவரியில் தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. அதுவும் எனக்கில்லை. வளையமிடும் நிலையத்தை ஷெத்லியின் பொறுப்பில் விடப்போகிறார்களாம். வரவேற்புரை மட்டும் என்னுடையது. நான்கு பக்கம் எழுதினேன். மூன்றரைப் பக்கத்தில் நான் இருந்தேன்.

எங்கள் வளைகுடாவில் கடல் வெகுதூரம் வற்றி, மறுபடி ஏறி வரும். தண்ணீர் இருக்கும்போது மீனவர் படகில் போய் வலையருகே இறங்கிக்கொள்வோம். வற்றிய பிறகு சேற்றில் நடந்து திரும்புவோம். கெட்டியான பாதைக்கு அடையாளமாகப் பேரீச்ச மட்டைகள் வரிசையாக நட்டிருக்கும். நடுவது தலைவரின் வேலை. அதிகாரிகள் வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் பதினோரு மட்டைகளைப் பிடுங்கி, ஓடைப் பக்கமாக வளைத்து நட்டேன். கடல் திரும்பினால் முதலில் நிரம்புவது அந்த ஓடைதான். விருந்தினர் முன்னால் அவன் இடுப்பளவு சேற்றில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஷெத்லி இரவே படகில் வலைக்குப் போயிருந்தான். காலையில் மூடுபனி. கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. கரையில் நாங்கள் விருந்தினரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஷெத்லியின் குரல் கேட்டது: “உஸ்தாத், நம்ம பின்லாந்து ஆளு வலையில மாட்டிக்கிச்சு. பையில இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, “மட்ட எல்லாம் ஓடப் பக்கமாப் போற மாதிரி இருக்கே, உஸ்தாத்?”

நான் சொன்னேன்: “மட்டைய நம்பி வா, ஷெத்லி. நான் நட்டது.”

“அப்ப சரி” என்றான்.

அப்புறம் நீரைத் துழாவும் சத்தம். அது நின்றது. கடைசியாக, “பறவ பத்திரம், உஸ்தாத்” என்றான். விருந்தினர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஓடையின் ஆழம் தெரியும். வரவேற்புரையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

மறுபடி கடல் வற்றியபோது அவனை எடுத்தோம். பறவை இருந்த துணிப்பை ஒன்பதாவது மட்டையின் உச்சியில், நான் கற்றுக்கொடுத்த முடிச்சோடு தொங்கியது. ஏன் அவிழ்த்துவிடவில்லை என்று நஜாத் அழுதாள். வலையில் நனைந்த சிறகோடு விட்டால் தண்ணீரில் விழுந்துவிடும். காயும்வரை பையில் வைத்திருக்க வேண்டும். என் மாணவன், மறக்கமாட்டான்.

பறவையை நானே எடை பார்த்தேன். இருநூற்று நான்கு கிராம். நல்ல ஆரோக்கியம். பழைய வளையம் தேய்ந்திருந்தது. தேய்ந்ததை மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டுப் பறக்கவிட்டேன்.

பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி, அவன் சாவான் என்று தெரிந்துதான் அப்படிப் பதில் சொன்னேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான்தான் இந்த மே மாதம் வரை காத்திருந்து, வேண்டியது கிடைத்த அன்றே நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். போலந்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஐயா. என் பெயருக்கு. வாசிக்கட்டுமா?